தொட்டிப் பக்கம்

அந்தப் பையைக் கொஞ்சம் எடுங்க தம்பி. எடுத்து மடியில வச்சுக்கிடுங்க. பைக்கும் சேத்தா டிக்கெட் எடுத்திருக்கிய? இல்லல்லா. அப்புறம் என்ன. அப்படியே அந்த ஜன்னல் பக்கத்தையும் எனக்கு விட்டுக் குடுத்திருங்க. எனக்குக் காத்து வேணும். முறைக்காதீங்க. வயசுல பெரியவன் கேக்கேன், எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க. ம். அவ்வளவுதான். இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி?

திருச்செந்தூருக்கா? நானும் அங்கதான். இந்தா டிக்கெட்டைப் பாருங்க. திருச்செந்தூர்னு போட்டிருக்கா? நல்லாப் பாருங்க. எதுக்குக் காட்டுதேன்னா, என் மகன் நாயகம் பஸ் ஸ்டாண்டுல வச்சு சிரிக்கான். "எப்பா, சங்குமேட்டுக்குத்தான போறிய? மேட்சுக்குத்தான போறிய?"ங்கான். நான் எதுக்குல அங்க போறேன்? முருகனைப் பாக்கப் போறேன். சங்குமேடு வழியில வருது. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? ரோட்டை நானா போட்டேன்?

என்ன மேட்சுன்னு கேக்கலையே நீங்க. கேக்க மாட்டிய. இந்தக் காலத்து ஆளுவளுக்கு கிரிக்கெட்டை விட்டா வேற என்ன தெரியும். இது பேஸ்கட்பால். எங்க ஊரு சுந்தரவல்லி காலேஜுக்கும் சங்குமேட்டுக் காலேஜுக்கும் இன்னைக்கு ஃபைனல். சங்குமேட்டு கிரவுண்டுலதான் நடக்கு. நான் போகல. அதை முதல்லயே சொல்லிருதேன். எனக்கும் அந்த டீமுக்கும் இருந்த உறவு அத்துப் போச்சு. அந்தப் பயலுவ மூஞ்சியில இனிமே முழிக்கதா இல்ல.

நான் அந்தக் காலேஜ்ல படிச்சவனான்னு பாக்கியளா? படிக்கல. எட்டாங்கிளாஸோட பள்ளிக்கூடத்தை விட்டுட்டு மைக்செட்டு கட்டப் போனவன். ஆவுடை சவுண்ட் சர்வீஸ். கேள்விப்பட்டிருப்பிய. கேள்விப்படலையா? எந்த ஊரு தம்பி உங்களுக்கு? சரி, விடுங்க. கோயில் கொடை, கல்யாணம், எலெக்ஷன், எங்க பக்கம் எல்லாத்துக்கும் நான்தான். கரண்டு போனாக்கூட அனவுன்ஸ்மெண்டு நிக்காது. என் தொண்டைக்கு மைக்கெல்லாம் சும்மா அலங்காரம். கொடைக் கூட்டத்துல காணாமப் போன பிள்ளை என் குரலைக் கேட்டே அடுத்த தெருவுல இருந்து அழுதுக்கிட்டு வந்திருக்கு. இப்ப கடையை நாயகம் பாக்கான். அவனுக்குத் தொண்டையும் கிடையாது, மரியாதையும் கிடையாது.

காலேஜ் விளையாட்டு விழாவுக்கு மைக்செட்டு கட்டப் போனேன். அன்னைக்குத்தான் இந்தச் சனியன் என்னைப் பிடிச்சுது. ஆம்ப்ளிபயர் பக்கத்துல உக்காந்து பீடியைப் பத்த வைக்கேன். ஒல்லியா ஒருத்தன் பந்தைத் தட்டிக்கிட்டே வந்தான். வந்தவன் அப்படியே எந்திரிச்சான் பாருங்க. எந்திரிச்சவன் இறங்க மறந்துட்டான்னு நினைச்சேன். பந்து கம்பியில படாம வலைக்குள்ள சளக்குன்னு இறங்கிச்சு. கையில பீடி இருந்ததே மறந்து போச்சு. பீடி விரலைச் சுட்டுட்டு. அதுக்கு அப்புறம் அந்தச் சத்தத்தைக் கேக்கணும்னே போக ஆரம்பிச்சேன். அந்தச் சளக்குக்கு. அன்னைக்கும் தோத்துத்தான் போனானுவ, அது வேற.

அந்த டீம் மாதிரி ஒரு தண்டமான டீமை நீங்க பாத்திருக்க மாட்டிய. ஒருத்தன் ஓடுவான், பந்து வராது. பந்து வரும், ஓட வேண்டியவன் நின்னு ஜட்டியைச் சரி பண்ணிக்கிட்டிருப்பான். ரிங்குக்கு நேர் கீழ நின்னு போடச் சொன்னா போர்டுக்கு மேல போடுவானுவ. தோத்துட்டு வந்தாலாவது வருத்தம் இருக்குமா? பஸ் ஸ்டாண்டு பரோட்டா கடையில சிரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பானுவ. "அண்ணாச்சி வாங்க"ன்னு எனக்கும் ஒரு இலையைப் போடுவானுவ. நானும் உக்காருவேன். தின்னுக்கிட்டே ஏசுவேன். சால்னா ஊத்திக்கிட்டே கேப்பானுவ. ஒரு பயலும் எதுத்துப் பேசினது கிடையாது. அதைச் சொல்லணும்லா.

வீட்டுல கேட்டா ஒரு நாள். "அந்தப் பயலுவளுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம், ஒவ்வொரு தடவையும் தொண்டை கட்டி வந்து நிக்கிய"ன்னு. தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வாரேன். எங்க கோர்ட்டுல ரிங்கைப் பாத்து நின்னா இடது கைப் பக்கம் ஒரு தண்ணித் தொட்டி இருக்கு. வலது கைப் பக்கம் ஒரு புங்கமரம். மரம் போன புயல்ல விழுந்துட்டு, ஆனா எங்களுக்கு இன்னைக்கும் அது மரத்துப் பக்கம்தான். அதனால எங்க பயலுவ இடது வலதுன்னு பேச மாட்டானுவ. தொட்டி, மரம். அவ்வளவுதான். எந்த ஊருல போய் ஆடினாலும், எந்த ரிங்கைப் பாத்து ஆடினாலும், இடது பக்கம் தொட்டி, வலது பக்கம் மரம். நல்ல வசதி பாருங்க. வெளியூர்க்காரனுக்கு ஒரு மண்ணும் புரியாது.

நான் என்ன செய்வேன்னா, கோட்டுக்குப் பக்கத்துல நின்னு ஆட்டத்தைப் பாத்துக்கிட்டே இருப்பேன். எந்தப் பக்கம் ஓட்டை விழுது, எந்தப் பக்கம் நம்ம பய போறதுக்கு ரெடியா இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சிரும். பாத்துப் பாத்துப் பழகின கண்ணுலா. உடனே குரல் குடுப்பேன். "தொட்டி! தொட்டிடா மாசானம், தொட்டியில போ!" மாசானம்தான் இப்ப கேப்டன். நல்ல பய. கொஞ்சம் கூறு கம்மி. நான் தொட்டின்னா தொட்டியில போவான், மரம்னா மரத்துல போவான். கிரவுண்டு பூரா கேக்கும். எத்தனை டீமுக்கு இப்படி ஒரு ஆளு கிடைப்பான், சொல்லுங்க.

இதுக்கு மதிப்பு எங்க இருந்துதுன்னு நினைக்கிய? சொந்தக் காலேஜ்ல இல்ல. எங்க காலேஜ்ல இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு ஸ்டூலு போட்டதில்ல. சங்குமேட்டுக்காரன் போட்டான். ஆமா, எதிரி டீம்தான். அவங்க கோச் சேர்மத்துரை. நான் போய் நின்ன உடனே, "அண்ணாச்சி ஏன் வெயில்ல நிக்கிய"ன்னு ஒரு பயலை விட்டு நாற்காலி கொண்டு வரச் சொன்னார். கை வச்ச நாற்காலி. எங்க போட்டார்ங்கிய? அவங்க டீம் உக்காந்திருக்க பெஞ்சுக்குப் பக்கத்துலயே, பந்தல் நிழல்ல. நடுவுல டீ வரும். பிஸ்கட்டு வரும். தொண்டைக்கு இதமா சுக்குப் போட்டுத் தாங்கன்னு ஒரு தடவை கேட்டேன். அதுக்கு அடுத்த தடவையில இருந்து சுக்குக் காப்பியே வந்துட்டு. அதான்யா பண்பாடு.

பேச்சுவாக்குல ஒரு நாள் கேட்டார். "அண்ணாச்சி, அதென்ன தொட்டி தொட்டிங்கிய, இங்க தொட்டியே கிடையாதே"ன்னு. மரியாதையாக் கேக்கார், காப்பி வேற குடிச்சுக்கிட்டிருக்கேன். விளக்கமாச் சொன்னேன். இடது கையைக் காட்டித் தொட்டின்னேன், வலது கையைக் காட்டி மரம்னேன். "ஆகா, நல்ல யோசனையா இருக்கே"ன்னு ரொம்பப் பாராட்டினார். கூட இருந்த அவரு பிள்ளைவளைக் கூப்பிட்டு, "பாத்தியளால, எப்படி எளிமையா வச்சிருக்காங்க"ன்னார். எனக்குப் பெருமையா இருந்துது. இதெல்லாம் நம்ம ஊர்ல எவன் கேப்பான்?

டிரெயினிங்ல மட்டும் சங்குமேட்டுக்காரனைக் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லிருதேன். அந்த வருஷத்துல இருந்து எங்க பயலுவளை எந்திரிக்க விடாம அடிச்சானுவ. நம்ம பய பந்தை வாங்கித் திரும்புறதுக்குள்ள அங்க ரெண்டு பேரு நிப்பானுவ. பந்து எங்க வரும்னு முன்கூட்டியே தெரிஞ்ச மாதிரி. அப்படி ஒரு மூளை. நம்ம பயலுவளுக்கும்தான் வச்சிருக்கான் ஆண்டவன், தலைக்கு எண்ணெய் தேய்க்கதுக்கு.

இந்த வருஷம் காலேஜ் செகரட்டரி சொல்லிட்டார். தோக்கதுக்குன்னே ஒரு டீமு, அதுக்கு ஒரு கோர்ட்டான்னு கேட்டார். கப்பு வந்தா கோர்ட்டு, வரலைன்னா அந்த இடத்துல காலேஜ் பஸ் நிக்கதுக்கு ஷெட்டு. சும்மா சொல்லல. ஆளை விட்டு அளந்து, கோர்ட்டுக்கு நடுவுல சுண்ணாம்புக் கோடு போட்டுட்டுப் போயிட்டானுவ. எந்த பஸ் எங்க நிக்கணும்னு. எங்க பயலுவ அந்தக் கோட்டு மேலயேதான் பிராக்டிஸ் பண்ணுதானுவ. நான் ஒரு நாள் காலால தேச்சு அழிச்சுப் பாத்தேன். செருப்புதான் வெள்ளையாச்சு.

இந்த நேரம் பாத்துத்தான் ஒரு புது கோச் வந்து சேந்துது. ஒரு பொம்பளை. பிரிஸ்கில்லா மேடமாம். பொம்பளை கோச்சாகக் கூடாதுன்னு நான் சொல்லல. தேவையில்லாம என் வாயில வார்த்தையைப் போடாதீங்க. ஆனா வந்த முத மேட்சுலயே என்கிட்ட வந்துச்சு. "அண்ணாச்சி, கை தட்டுங்க. பேரைச் சொல்லிக் கத்துங்க. ஆனா இந்தத் தொட்டி, மரம் மட்டும் வேண்டாம். பசங்க அவங்களா யோசிக்கட்டும்." எப்படி இருக்கு பாத்தியளா? பயலுவளா யோசிக்கணுமாம். ஜட்டியைச் சரி பண்ணத் தெரியாத பயலுவ.

நான் கேட்டேன். "ஏம்மா, மைக்செட்டுக்காரனைப் பாத்துச் சத்தம் போடாதங்கியே, நாளைக்கு ஐயரைப் பாத்து மணி அடிக்காதம்பியா?"ன்னு. அந்தம்மா என்ன செஞ்சுதுங்கிய? அடுத்த மேட்சுக்கு கேட்டுல வாட்ச்மேனை நிறுத்திட்டு. உள்ள விடக் கூடாதாம், என்னைய. வாட்ச்மேன் என் கொடைப் பாட்டுல வளந்த பய, என்னைப் பாக்க முடியாம வானத்தைப் பாக்கான்.

விட்டுருவேனா? மைக்செட்டு வேனைக் கொண்டு போய் மதிலுக்கு வெளியே நிறுத்தினேன். வேன் மேல ஏறி நின்னேன். கோர்ட்டு நல்லாத் தெரிஞ்சுது. குழாய் ஸ்பீக்கரை ஆன் பண்ணி, "மாசானம் தொட்டி! மாசானம் தொட்டி!" அது ரோடு தம்பி. கவர்மெண்டு ரோடு. அங்க நின்னு நான் என்ன வேணாலும் பேசுவேன். ரெஃப்ரி விசிலை ஊதிக்கிட்டே இருந்தான், எவன் கேட்டான்? அந்த மேட்சும் தோத்துட்டு. அந்தம்மா பேச்சைக் கேட்டா தோக்காம என்ன செய்யும்?

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் அந்தம்மா கடைக்கே வந்துச்சு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. ஒரு வயரை எடுத்துச் சுத்திக்கிட்டே இருந்தேன். "அண்ணாச்சி, அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எங்களுக்கு நீங்க வேணும்"னுச்சு. எனக்கு மனசு இளகிட்டு. நான் லேசுல இளகுற ஆளு இல்ல, ஆனா அந்தம்மா கண்ணுல தண்ணி மாதிரித் தெரிஞ்சுது. பக்கத்துல வந்து மெதுவாச் சொல்லிச்சு. "நாளைக்குச் சங்குமேட்டுல மேட்ச். லீக்ல கடைசி மேட்ச். அவங்க ஏற்கெனவே ஃபைனலுக்குப் போயிட்டாங்க, நாம இதுல ஜெயிச்சாத்தான் ஃபைனல். முழுக்கத் தொட்டிப் பக்கம்தான் ஆடப் போறோம். உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். நீங்க வந்து தொட்டி தொட்டின்னு பசங்களை விடாம விரட்டணும்."

தம்பி, அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தை உங்ககிட்ட எப்படிச் சொல்ல. இத்தனை வருஷத்துல எந்த கோச்சும் ஆட்டத்துக்கு முன்னாடி என்கிட்ட வந்து இதுதான் திட்டம்னு சொன்னதில்ல. என் கடைக்கு வந்து, என் முன்னாடி நின்னு சொன்னாங்க. நாயகத்துக்கிட்டக்கூட நான் சொல்லல. வாயைத் தச்ச மாதிரி இருந்தேன்.

மறுநாள் போனேன். சங்குமேட்டுல வழக்கம் போல நாற்காலி, சுக்குக் காப்பி. ஆட்டம் ஆரம்பிச்சுது. நான் எடுத்த எடுப்புலயே, "தொட்டி! தொட்டிடா!" சங்குமேட்டுப் பயலுவ அத்தனை பேரும் இடது பக்கம் சாஞ்சானுவ. மாசானம் என்ன செஞ்சான்? மரத்துப் பக்கம் போறான்! அங்க ஒரு ஈ காக்கா கிடையாது. போட்டான். சளக்.

சரி, ஏதோ கை தவறிப் போயிட்டான்னு நினைச்சேன். "தொட்டிடா மடப்பயலே! தொட்டி!" திரும்பவும் மரத்துப் பக்கம். திரும்பவும் சளக். எனக்கு ரத்தம் கொதிக்கு. அந்தம்மா சொல்லுதது ஒண்ணு, இவனுவ செய்யிறது ஒண்ணு. மேடத்துக்காக எனக்கு அவ்வளவு வருத்தமா இருந்துது. நாற்காலி மேலயே ஏறி நின்னுட்டேன். "லேய், மேடம் என்ன சொல்லிச்சு? நீ என்ன பண்ணுத? தொட்டிடா, தொட்டிடா, தொட்டிடா!" நான் கத்தக் கத்த அவனுவ மரத்துலயே போய்ப் போய்ப் போட்டானுவ. சேர்மத்துரை எந்திரிச்சு நின்னு அவரு பிள்ளைவளைப் பாத்து என்னமோ கத்துதார், என் சத்தத்துல அவரு சத்தம் கேக்கவே இல்ல.

ஜெயிச்சுட்டானுவ.

சொன்ன பேச்சைக் கேக்காம ஜெயிச்சுட்டானுவ. எனக்குச் சந்தோசப்படதா, அடிக்கதான்னு தெரியல. பயலுவ ஓடி வந்து என்னைத் தூக்கிட்டானுவ. மேடத்தைத் தூக்கல, பந்து போட்ட மாசானத்தைத் தூக்கல, என்னைத் தூக்கினானுவ. வேட்டி அவுந்துரும்டான்னு கத்துதேன், எவன் கேக்கான். மாசானம் அழுதுக்கிட்டே சொன்னான். "அண்ணாச்சி, உங்க தொண்டைதான் ஜெயிச்சுக் குடுத்துது." தொட்டியில போகாத பயலுக்கு இது எப்படித் தெரிஞ்சுதுன்னு அப்ப எனக்கு விளங்கல. சேர்மத்துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம்னு பாத்தா மனுசன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார். நாற்காலியைக்கூட ஒரு பய வெடுக்குன்னு தூக்கிட்டுப் போயிட்டான். தோத்ததும் பண்பாடெல்லாம் போயிட்டு பாருங்க. சீ.

அப்புறம் நாயகம்தான் சொன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான். "எப்பா, ஊரே பேசுது. உங்களைத் தொட்டின்னு கத்த வச்சுட்டு அவங்க மரத்துல ஆடியிருக்காங்க. சங்குமேட்டுக்காரன் உங்க வாயை நம்பி மோசம் போயிட்டான்."

தம்பி, நான் மைக்குல எத்தனையோ பேருக்காகப் பேசியிருக்கேன். எலெக்ஷன்ல எழுதிக் குடுத்ததை வாசிச்சிருக்கேன், அது தொழில். ஆனா என் டீமுக்கு நான் கத்துனது எல்லாம் நெஜம். ஒரு வார்த்தை பொய்யி கிடையாது. அந்த வாயில பொய்யை வச்சு அனுப்பிட்டாங்க. என்னை ஒரு குழாய் ஸ்பீக்கரா ஆக்கிட்டாங்க. இந்தப் பக்கம் போட்டா அந்தப் பக்கம் கத்தும்னு.

நேரே கோர்ட்டுக்குப் போனேன். பயலுவ பூரா நிக்கானுவ, அந்தச் சுண்ணாம்புக் கோட்டு மேல. அந்தம்மாவைப் பாத்துக் கேட்டேன். "பொய்யா சொன்னிய?" மறைக்கல. "ஆமா அண்ணாச்சி. எனக்கு வேற வழி தெரியல. சங்குமேட்டுக்காரங்களுக்கு உங்க தொட்டி, மரம் எல்லாம் ரொம்ப நாளாவே"ன்னு என்னமோ ஆரம்பிச்சுது. நான் முடிக்க விடல. "ஒரு வார்த்தை பேசாதீங்க. இனிமே இந்த மண்ணுல என் கால் படாது"ன்னுட்டு வந்துட்டேன். மாசானம் பின்னாலயே கேட்டு வரைக்கும் ஓடி வந்தான். அவனையும் ஏசினேன். அவன் ஆத்தாளையும் சேத்து ஏசினேன். அது தப்புதான். அவன் ஆத்தா நல்ல ஆத்தா.

ஆனா ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. தொட்டின்னா இடது பக்கம்னு சங்குமேட்டுக்காரனுக்கு எப்படித் தெரிஞ்சுது? அவனுக்குத் தெரியாட்டி அவன் ஏன் அங்க சாயணும்? எவனோ நம்ம ஆளுதான் காட்டிக் குடுத்திருக்கான். நான் யோசிச்சுப் பாத்துட்டேன். பழைய கோச் தனசிங். ரிட்டயர் ஆன கையோட வீடு எங்க கட்டியிருக்கார் தெரியுமா? சங்குமேட்டுல இருந்து ஒரு ஸ்டாப். போதுமா? நான் சந்தேகப்பட்டது சரியா இருக்கா? கல்யாண வீட்டுல பாத்தப்ப பேசாம மூஞ்சியைத் திருப்பிட்டு வந்தேன். "ஆவுடை, ஆவுடை"ன்னு பின்னால கூப்பிட்டார். துரோகிப் பய.

இன்னைக்குக் காலையில மாசானம் கடைக்கு வந்தான். வாசல்லயே நிக்கான், உள்ள வரல. "அண்ணாச்சி, மேடம் சொல்லச் சொன்னாங்க. இன்னைக்கு மரம்." அவ்வளவுதான் சொன்னான். நான் கையில இருந்த டெஸ்டரைத் தூக்கி எறிஞ்சேன். "வெளியே போல! திரும்பவும் என்னைக் கோமாளி ஆக்கலாம்னு பாக்கியளால?" குனிஞ்சு டெஸ்டரை எடுத்து மேசையில வச்சுட்டுப் போயிட்டான். பொய் சொன்னா அவனுக்குக் காது சிவக்கும். சின்ன வயசுல இருந்து பாக்கேன்லா. இன்னைக்குச் சிவந்துதா இல்லையான்னு நான் கவனிக்கல. கோவத்துல கவனிக்கல.

அதைத்தான் இப்ப பஸ்ல உக்காந்ததுல இருந்து யோசிச்சுக்கிட்டு வாரேன். போன தடவை தொட்டின்னாங்க, மரத்துல ஆடினாங்க. சங்குமேட்டுக்காரன் முட்டாள் இல்ல. இன்னைக்கு நான் மரம்னு கத்தினா, ஆகா இந்தாளு சொல்லுததுக்கு எதிர்ப்பக்கம் போகணும்னு தொட்டிப் பக்கம் ஓடுவான். ஓடினா மரம் காலியா இருக்கும். அப்ப மேடம் இன்னைக்குச் சொன்னது நெஜமா இருக்கணும்! இருக்கணுமா இல்லையா? நீங்க படிச்சவர் மாதிரித் தெரியுதிய, சொல்லுங்க. நெஜத்தைத்தான் சொல்லி அனுப்பியிருப்பாங்களோ? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இந்த டீம் என்கிட்ட நெஜத்தைச் சொல்லியிருந்தா...

எனக்கு அதைப் பத்திக் கவலை இல்ல. நான் திருச்செந்தூர் போறேன்.

என்ன கேக்கிய? யாருகிட்ட? சேர்மத்துரைகிட்ட நான் சொன்னதா?

அது... அது காப்பி குடிக்கும்போது பேசிக்கிட்டது தம்பி. மரியாதையாக் கேட்டார், சொன்னேன். அது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. தனசிங்தான்னு சொல்லுதேன்லா. ஒண்ணும் தெரியாம எங்க டீம் விஷயத்துல கருத்துச் சொல்லாதீங்க. நீங்க யாரு முதல்ல? சங்குமேட்டுக்காரரா? அப்புறம் எதுக்கு அப்படிப் பாக்கிய?

பாக்காதீங்கன்னா பாக்காதீங்க.

...காப்பியில சுக்கு கொஞ்சம் தூக்கலாத்தான் போட்டான் அந்த ஆளு.

அந்தா வருது பாருங்க. புளியமரத்துக்கு அடுத்தாப்ல. போர்டு தெரியுதா, சங்குமேடு கலைக் கல்லூரின்னு? கொடியெல்லாம் கட்டிருக்கான். எங்க பயலுவ வந்துட்டானுவ, அந்தா பச்சை பனியன். குனிஞ்சு ஷூவைக் கட்டுதான் பாருங்க, அவன்தான் மாசானம். சாப்பிட்டானுவளோ என்னமோ. மேடம் எங்க? ஆ, அங்க நிக்காங்க. ரோட்டைப் பாத்துக்கிட்டு நிக்காங்க. எந்த பஸ் வந்தாலும் பாக்காங்க போல.

காலைக் கொஞ்சம் மடக்குங்க தம்பி. கண்டக்டர்! நிறுத்தும்வே! திருச்செந்தூர் டிக்கெட் எடுத்தா என்ன, நடுவுல இறங்கக் கூடாதுன்னு சட்டமா? முருகன் எங்கயும் போயிர மாட்டாரு. நீரு வண்டியை நிறுத்தும்.

மரம்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. மரம்னே கத்துதேன். நெஜமோ பொய்யோ அது அவங்க பாடு. அந்தச் சுண்ணாம்புக் கோட்டு மேல எவன் பஸ்ஸைக் கொண்டாந்து நிறுத்துதான்னு பாத்துருவோம்.

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்கிடுங்க. உங்களுது நல்ல கண்ணு, ஒரு உதவி செய்ங்க. அந்தப் பந்தலுக்குக் கீழ, அவனுவ பெஞ்சுக்குப் பக்கத்துல, கை வச்ச நாற்காலி ஒண்ணு போட்டிருக்கானான்னு பாருங்க.

இல்லையா? நல்லாப் பாருங்க.

போகட்டும். நின்னுக்கிட்டே கத்துதேன்.